பட்டறைப் பதில்கள்: தொட்டி நிறைந்தும் நிற்காத மோட்டார்

கேள்வி: மாடியில் 1000 லிட்டர் தொட்டி, தரையில் சம்ப், 1 எச்.பி. மோனோபிளாக் மோட்டார். என் மகன் ஒரு சின்ன மிதவை சுவிட்சையும் 12 வோல்ட் ரிலேயையும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கி நிறுத்தும் சுவிட்ச்) வாங்கி இணைத்தான். தொட்டி நிறைந்ததும் மோட்டார் நின்றது. ஆனால் யாராவது குழாயைத் திறந்தால் போதும், உடனே ஓடுகிறது, நிற்கிறது, டக் டக் என்று அடித்துக்கொள்கிறது. போன வாரம் நிற்காமலே ஓடித் தண்ணீர் வழிந்துவிட்டது. எங்கே கோளாறு?
– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: அம்மா, தம்பி பிடித்த வழி சரியான வழிதான். 230 வோல்ட்டைத் தொட்டிவரை கொண்டுபோகாமல் 12 வோல்ட்டை மட்டும் மேலே அனுப்பியிருக்கிறாரே, அதற்கே அவரைப் பாராட்டுகிறேன். இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்த்துவிட்டால் போதும்.

முதலில் வழிந்த கதை. ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அது ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. உங்கள் மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்பும் கணத்திலோ அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அப்போதெல்லாம் தொடுமுனையில் பொறி பறக்கும். கடைசியில் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு மிதவை என்ன சொன்னாலும் மோட்டாருக்குக் கேட்காது. அதனால் ரிலே, 230 வோல்ட் காயில் (கம்பிச்சுருள்) உள்ள ஒரு கான்டாக்டரை, அதாவது மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய சுவிட்சை, மட்டும் இழுக்கட்டும். மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். அதற்குக் கீழே, மோட்டார் அதிக மின்சாரம் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலே ஒன்றும் வேண்டும். எங்கள் பட்டறைக்குக் காயில் கருகி வரும் மோட்டார்களைப் பார்க்கிறவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து அந்த டக் டக். ஒரே மிதவை என்றால் நிறுத்தும் மட்டமும் ஓட்டும் மட்டமும் ஒன்றாகிவிடும். ஒரு வாளித் தண்ணீர் குறைந்தாலே மோட்டார் கிளம்பும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மிதவைகள் போடுங்கள். கூடவே, இரண்டு ஜோடி தொடுமுனை உள்ள எட்டு பின் 12 வோல்ட் ரிலே ஒன்றை, அதைச் செருகும் பேஸோடு வாங்குங்கள்.

இணைப்பு இப்படி: அடாப்டரின் பிளஸ்ஸிலிருந்து மேல் மிதவை, அங்கிருந்து கீழ் மிதவை, பிறகு ரிலே காயில், அப்புறம் மைனஸ். மேல் மிதவை, தொட்டி நிறையாதவரை மூடியிருந்து, நிறைந்ததும் திறக்க வேண்டும். கீழ் மிதவை, தண்ணீர் அதற்குக் கீழே இறங்கும்போது மூட வேண்டும். ரிலேயின் ஒரு ஜோடி காமன் (பொது முனை), என்.ஓ. (ரிலே இழுத்தால் மட்டும் காமனோடு சேரும் முனை) முனைகளைக் கீழ் மிதவையின் இரண்டு ஒயர்களுக்குக் குறுக்கே கொடுத்துவிடுங்கள். தண்ணீர் ஏறிக் கீழ் மிதவை திறந்தாலும் ரிலே தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். மேல் மிதவை திறந்தால்தான் விடும். இன்னொரு ஜோடி வழியாகக் கான்டாக்டர் காயிலுக்கு ஃபேஸ் போகட்டும்.

மேல் மிதவையை நேர்மாறாக, நிறைந்தால் மூடுகிற மாதிரி வைத்தும் சர்க்யூட் செய்யலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். மாடி வெயிலில் ஒயர் காய்ந்து அறுவதும், அணில் கடிப்பதும் நிச்சயம் நடக்கும். நான் சொன்ன முறையில் அங்கே ஒயர் அறுந்தால் மோட்டார் நின்றுவிடும். மறுமுறையில் நிற்கவே நிற்காது.

12 வோல்ட் ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்), அதன் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி. காயில் விடும்போது எழும் மின்னழுத்தம் மிதவைக்குள் இருக்கும் மெல்லிய ரீட் சுவிட்சைக் (காந்தத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச்) கெடுக்காமல் இது காக்கும். மிதவையை மாட்டும் முன் வாளித் தண்ணீரில் முக்கி, மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டில் ஏறி இறங்கும் வகை மிதவை என்றால், பெரும்பாலும் கிளிப்பைக் கழற்றி மிதவையைத் தலைகீழாகப் போட்டால் திறப்பதும் மூடுவதும் மாறிவிடும்.

கரண்ட் போய் வந்தால் ரிலே விட்டிருக்கும். தொட்டி பாதியில் இருந்தால் மோட்டார் தானாகக் கிளம்பாது. அவசரத்துக்கு நிரப்ப, கீழ் மிதவைக்குக் குறுக்கே ஒரு அழுத்து பொத்தான் வைத்துக்கொள்ளுங்கள். சம்ப் வற்றும்போதும் மோட்டார் நிற்க வேண்டுமானால், அங்கே ஒரு கேபிள் மிதவையை இதே வரிசையில் சேர்க்கலாம். 230 வோல்ட் பக்கத்தை மட்டும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும்; எர்த்தும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: மிதவைக்குப் பதில் இரண்டு ஸ்டீல் கம்பிகளைத் தொங்கவிட்டால் போதாதா?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: டி.சி. (ஒரே திசையில் பாயும்) மின்சாரம் நீரில் தொடர்ந்து பாய்ந்தால் ஒரு கம்பி அரிக்கும். உப்புத் தண்ணீரில் இன்னொன்றில் வெள்ளைப் படிவும் ஏறும். ஏ.சி. (திசை மாறிமாறிப் பாயும்) சிக்னல் அனுப்பும் கன்ட்ரோலர் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். ரிலேயோடு நேரடியாக இணைக்க மிதவைதான் சரி.