தாத்தாவின் முகமும் ஸ்கேல் கோடுகளும்

அன்புள்ள சார்,

உருவத்தைக் கோணல் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிச பாணியில் என் தாத்தாவை வரைந்து பார்த்தேன். போட்டோவைப் பார்த்து முகத்தை முழுசாக வரைந்துவிட்டு, ஸ்கேல் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, கட்டத்துக்கு ஒரு நிறமாக அடித்தேன். மொத்தம் பன்னிரண்டு நிறங்கள். கீறல் விட்ட கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன். எங்கே தவறினேன்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

பாட்டி நல்ல விமர்சகர்.

ஸ்கேலைத் திட்டவேண்டாம். முகத்தை முடித்தபிறகு அதன்மேல் கோடு போட்டீர்களே, அதுதான் சிக்கல். ஒரு கோடு புருவத்தில் கிளம்பிக் காதைத் தாண்டிச் சுவரில் போய் நிற்கிறது. தாத்தாவின் எலும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கியூபிச ஓவியர் ஹுவான் க்ரிஸ் 1912இல் வரைந்த பிக்காசோவின் உருவப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறது. க்ரிஸ் மாட்ரிடில் தொழில்நுட்ப வரைகலை படித்தவர். அவர் கோடுகளும் ஸ்கேல் பிடித்தவைதான். ஆனால் கோடுகளுக்கு நடுவே இருக்கும் பட்டைகளைக் கவனியுங்கள். ஒரு ஓரத்தில் இருட்டாகத் தொடங்கி மறு ஓரத்தில் வெளுக்கின்றன. அந்த ஏற்ற இறக்கத்தில்தான் கன்னம் மடிகிறது, நெற்றி முன்னே வருகிறது. நிறம் என்று பார்த்தால் நீலம், சாம்பல், பழுப்பு, அவ்வளவுதான். பன்னிரண்டு நிறம் இருந்தால் கண் நிறத்தின் பின்னால் ஓடிவிடும், சரிவைப் பார்க்காது.

அதே மியூசியத்தில் 1910இல் பிக்காசோ வரைந்த கான்வைலர் இருக்கிறார், பிக்காசோவின் படங்களை விற்ற வியாபாரி. முதலில் ஆளே தெரியமாட்டார். அப்புறம் தலைமுடியின் ஒரு வளைவு, கடிகாரச் சங்கிலி, கீழே கோத்த கைகள். இந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு மீதி ஆளை நாமே கட்டிக்கொள்கிறோம். பட்டைகளின் ஓரமும் எல்லாப் பக்கமும் மூடியிருக்காது. தோள் எங்கே முடிந்து பின்னணி எங்கே தொடங்குகிறது என்று சொல்லமுடியாதபடி ஒன்றுக்குள் ஒன்று கசிகிறது. நீங்களோ எல்லாக் கட்டத்துக்கும் கறுப்பில் வேலி போட்டிருக்கிறீர்கள்.

மறுபடி வரையுங்கள். மஞ்சள் காவி, அடர்பழுப்பு, கறுப்பு, வெள்ளை, நாலே ட்யூப். கறுப்பில் வெள்ளை கலந்த சாம்பலைக் காவிக்குப் பக்கத்தில் வைத்தால் லேசாக நீலம்போலத் தெரியும், அதனால் நீலம் வாங்கவேண்டாம். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, எலும்பு திரும்புகிற இடத்தில் மட்டும் கோட்டைத் திருப்புங்கள். மூக்குத்தண்டு, கன்னமேடு, தாடை.

தாத்தாவின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது பாருங்கள், அதை மட்டும் நிமிர்த்திவிடாதீர்கள். கான்வைலரின் சங்கிலி மாதிரி அது. முடித்ததும் பாட்டியிடம் யாரென்று சொல்லாமல் காட்டுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.