மூக்கடைச்சா வாயால மூச்சு விடணும்ல!

கேள்வி: அண்ணே, ரிட்டயர் ஆயிட்டு வீட்டுப் பின்னாடி ஷெட்டுல ரெண்டு சீட்டு கிட் விமானம் கட்டிக்கிட்டு இருக்கேன். லைக்கமிங் இன்ஜின், 4 சிலிண்டர், ஃபியூல் இன்ஜெக்‌ஷன். இன்ஜினுக்குப் போற காத்துக்கு ரெண்டாவதா ஒரு கதவு வைக்கணும்னு பிளான்ல இருக்கு. கூட்டாளி என்னடான்னா அதெல்லாம் பனி கொட்டுற ஊருக்குத்தான், பினாங்குல எதுக்கு வெயிட்டு ஏத்துறங்குறான். போடவா வேணாமா?
- வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: போடுங்கண்ணே. ஃபில்டர் அடைச்சா இன்ஜின் வேற வழில காத்து இழுக்கத்தான் அந்த ரெண்டாவது கதவு. கூட்டாளி சொன்னதுல பாதி சரிதான், ஃபில்டர்ல பனி அப்பி அடைச்சுக்கும்னு குளிர் நாட்டுல இதப் பத்தி நிறைய பேசுவாங்க. ஆனா அடைக்கிறதுக்கு நம்ம ஊர்ல வேற ஆளுங்க இருக்காங்களே. தென்மேற்குப் பருவத்துல விடியக்காலைல நீரிணைப் பக்கம் இருந்து சுமத்திரா காத்துமழை வருது பாருங்க, அதுல மாட்டுனா பேப்பர் ஃபில்டர் குழம்புல ஊறுன ரொட்டி மாதிரி ஆயிரும், காத்து எங்க போகும்? ரெண்டு மாசம் பறக்காம நின்னா குளவி மண்ணு வச்சிரும், மைனா புல்லு திணிச்சிரும் (இத கிளம்புறதுக்கு முன்னாடியே டார்ச் அடிச்சுப் பாக்கணும், கதவு இருக்குன்னு விட்றாதீங்க). கார்னா பாலத்துல ஓரங்கட்டி பானெட்டத் தொறந்துக்கலாம், 2,000 அடில ஓரமே கிடையாது.

கதவு ஃபில்டருக்குப் பின்னாடி, த்ரோட்டில் பாடிக்கு (இன்ஜினுக்குப் போற காத்த கூட்டிக் குறைக்கிற வால்வு) முன்னாடி வரணும், கவுலிங் (இன்ஜின மூடி இருக்குற உறை) உள்ள இருக்குற காத்த இழுக்கணும். அது இன்ஜின் சூடு பட்ட காத்து, வெளிக்காத்த விட 30 டிகிரி கூட இருந்தா பவர் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும், குறையட்டுமே, மூச்சே நின்னு போறதுக்கு இது எவ்வளவோ மேல். எக்ஸாஸ்ட் ஜாயின்ட் பக்கத்துல மட்டும் வைக்காதீங்க, அங்க லீக் இருந்தா இன்ஜின் தன் புகையவே குடிக்கும். ஓட்டை சின்னதா போட்டுட்டு கதவு இருக்குன்னு சொல்லிக்கிறதும் வேஸ்ட்டு, த்ரோட்டில் பாடி வாய் அளவாவது வேணும்.

தானா தொறக்குறதா, கேபிள் இழுத்துத் தொறக்குறதா? தானா தொறக்குறது ஸ்பிரிங்லயோ காந்தத்துலயோ மூடி இருக்கும், ஃபில்டர் அடைச்சா இன்ஜின் உறிஞ்சுற வேகத்துல உள்பக்கமா தொறந்துக்கும். வசதிதான். ஆனா கதவு உள்பக்கம் இருக்குறதால ஒரு ரிவெட்டு கழண்டாலும் நேரா இன்ஜின் வயித்துக்குள்ளதான் போகும். கீல் பின்ன சேஃப்டி ஒயர் போட்டுக் கட்டுங்க. நான் கேபிள் கட்சி, காரணம் ஒண்ணுதான், ஒவ்வொரு தடவையும் ரன்-அப்ல (கிளம்புறதுக்கு முன்னாடி தரைல இன்ஜின ஓட்டிப் பாக்குறப்ப) இழுத்துப் பாக்கலாம். ஒரு ஷெட்டுல ஒருத்தர் பெருமையா காட்டுனாரு, இழுக்கச் சொன்னேன், கைப்பிடிதான் கையோட வந்துச்சு, கேபிள் துருப்பிடிச்சு உள்ளயே நிக்குது, போட்ட நாள்ல இருந்து அவர் இழுத்ததே இல்லையாம்! அதே நேரம் தரைல ஓட்டிக்கிட்டுப் போறப்ப தொறந்து வைக்காதீங்க, அந்தக் காத்து ஃபில்டர் ஆகாம போகுது, நம்ம புகைமூட்ட சீசன் தூசிய சிலிண்டருக்கு ஊட்டுன மாதிரி ஆயிரும்.

தானா தொறக்குற கதவுதான் வேணும்னா இன்ஜின ஓட்டாமலே டெஸ்ட் பண்ணுங்க. த்ரோட்டில் பாடிய கழட்டிட்டு அந்த முனைல வேக்கூம் கிளீனர் ஹோஸ வச்சு ஃபில்டர பிளாஸ்டிக் ஷீட்டால மூடுங்க. கதவு தொறக்கலன்னா ஸ்பிரிங் ரொம்ப டைட்டு. சுத்துற புரொப்பெல்லர் கிட்ட ஷீட்டோட போய் நிக்கிற வேலை மட்டும் வேணவே வேணாம்.

கேள்வி: சார், பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டர்ல ஐஸ் பிடிக்கும்னு கிளாஸ்ல சொன்னாங்க. கோலாலம்பூர்ல 33 டிகிரில எப்படி சார்?
- மாணவி, செந்தூல்

பதில்: வெளில 33தாம்மா, கார்புரேட்டர் தொண்டைல 33 இல்ல. பெட்ரோல் ஆவியாகுறப்ப சூட்ட இழுத்துக்கும், தொண்டை குறுகுன இடத்துல காத்து அழுத்தமும் குறையும், ரெண்டும் சேந்து 30 டிகிரிக்கு மேலயே இறக்கிரும். வெளில 38 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம்னா கூட ஐஸ் வரலாம், நம்ம ஊர் ஈரப்பதம்தான் துணி காயப்போடுற எல்லாருக்கும் தெரியுமே. இறங்குறதுக்கு த்ரோட்டில குறைக்கிறப்பதான் ரொம்ப ஆபத்து. அதுக்குத்தான் எக்ஸாஸ்ட்ட சுத்தி வர்ற சூடான காத்த உள்ள விடுற கார்ப் ஹீட். இன்ஜெக்‌ஷன் இன்ஜின்ல இந்தத் தொண்டை ஐஸ் பிரச்சினை இல்ல, அதனாலயே சில பேரு மேல அந்த அண்ணனோட கூட்டாளி மாதிரி ரெண்டாவது கதவே வேணாம்னு முடிவு பண்ணிர்றாங்க.

கேள்வி: ஃபில்டர் இருக்குற ஏர் பாக்ஸ்ல இருந்து த்ரோட்டில் பாடிக்கு ரெண்டு அடுக்கு ஆரஞ்சு ஹோஸ் மாட்டலாமா? உள்ள வழவழன்னு இருக்கு.
- வாசகர், பத்து கேவ்ஸ்

பதில்: அந்த வழவழதான் வில்லன். உறிஞ்சுற இடத்துல உள் அடுக்கு உரிஞ்சு சுருங்கி வழியவே அடைச்சிரும், வெளில இருந்து பாத்தா ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும். உள் அடுக்கு இல்லாத ஒத்த அடுக்கு ஹோஸ் போடுங்க, நீளத்தையும் முடிஞ்ச வரைக்கும் குறைங்க. இது அடைச்சா கதவ எத்தன தடவ தொறந்தாலும் பிரயோஜனம் இல்ல, அடைப்பு கதவுக்கும் இன்ஜினுக்கும் நடுவுலல்ல உக்காந்திருக்கு.