படைப்பெழுத்தில் முதுகலை: முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: நான் வேதியியல் பட்டதாரி. எட்டு வருடமாக ஓர் ஆய்வகத்தில் வேலை. தமிழிலும் ஆங்கிலத்திலும் சிறுகதைகள் எழுதுகிறேன். ஆறேழு கதைகள் இதழ்களில் வந்திருக்கின்றன. வெளிநாட்டில் படைப்பெழுத்தில் முதுகலை படிக்க ஆசை. ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். பிரிட்டனில் ஓராண்டு எம்.ஏ.வுக்கு இடம் உறுதி, மனைவியையும் மகளையும் கூடவே அழைத்துப் போகலாம், இந்த மாதமே முன்பணம் கட்டிவிடுங்கள் என்கிறார்கள். கல்விக்கடன் வாங்கினால்தான் முடியும். இலக்கியமே படிக்காத எனக்கு இதெல்லாம் சரிவருமா?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

முதலில் வேதியியல். அது ஒரு தடையே இல்லை. இந்தப் படிப்புக்கு ஆள் எடுக்கும்போது பார்ப்பது நீங்கள் அனுப்பும் எழுத்து மாதிரியைத்தான். விண்ணப்பங்களை வாசித்துத் தேர்வு செய்யும் குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பக் கட்டிலிருந்து முதலில் கதையை எடுப்போம். கதை பிடித்தால்தான் இவர் யார், என்ன படித்தார் என்று அடுத்த தாளைத் திருப்புவோம். பிடிக்காவிட்டால் இலக்கியத்தில் தங்கப்பதக்கம் வாங்கியவராக இருந்தாலும் தாள் திரும்பாது. அந்தக் கவலையை விடுங்கள்.

உங்கள் உண்மையான பிரச்சினை கன்சல்டன்சி. அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? உங்களிடம் வாங்குவது கொசுறு. பெரிய தொகை பல்கலைக்கழகத்திடமிருந்து வருகிறது. நீங்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குக் கமிஷன். ஆகவே, நீங்கள் முழுக் கட்டணம் கட்டும் இடத்துக்குத்தான் உங்களை அனுப்புவார்கள். பிரிட்டனில் வெளிநாட்டு மாணவரின் கட்டணம் உள்நாட்டவர் கட்டுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில இடங்களில் அதற்கும் மேல். கமிஷனும் அதற்கேற்ப ஏறும். கட்டணமே வாங்காத ஒரு படிப்பைப் பற்றி அவர்கள் உங்களிடம் ஏன் வாய் திறக்கப் போகிறார்கள்?

அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொல்லாமல் விட்ட விஷயம். அமெரிக்காவில் இந்தத் துறையின் முதுகலைக்கு எம்.எஃப்.ஏ. என்று பெயர். இரண்டு அல்லது மூன்று வருடம். அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பட்டறை 1936இல் தொடங்கியது. இந்த வகைப் படிப்புக்கெல்லாம் மூத்தது அதுதான். நல்ல எம்.எஃப்.ஏ. படிப்புகளில் பல, தேர்ந்தெடுத்தவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. மாதாமாதம் உதவித்தொகையும் தருகின்றன. பதிலுக்கு இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும், அல்லது பல்கலைக்கழக இதழில் வேலை பார்க்க வேண்டும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மிச்சனர் மையம் மூன்று வருடமும் பணம் தருகிறது. கார்னெல் பல்கலைக்கழகம் வருடத்துக்கு எட்டுப் பேரை மட்டும் எடுக்கிறது, புனைகதைக்கு நான்கு, கவிதைக்கு நான்கு. ஆக, கிடைப்பது கடினம், மிகக் கடினம். ஆனால் கிடைக்காவிட்டால் நீங்கள் இழப்பது விண்ணப்பக் கட்டணம் மட்டுமே. கடன் வாங்கிப் போனால் எழுதி முடித்த நாவல் கையில் இருக்குமோ இல்லையோ, தவணை கட்டாயம் இருக்கும்.

பிரிட்டன் படிப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970இல் இதைத் தொடங்கியது. நோபல் பரிசு வாங்கிய கசுவோ இஷிகுரோ அங்கே எம்.ஏ. படித்தவர்தான். ஓராண்டில் முடியும், ஆசிரியர்கள் நல்லவர்கள். முழு உதவித்தொகை கிடைத்தால் தாராளமாகப் போங்கள். முழு என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடிதத்தில் ஸ்காலர்ஷிப் என்று ஒரு வரி இருக்கும்; அது கட்டணத்தில் ஒரு துண்டைக் குறைக்கும், அவ்வளவுதான். "பரிசீலிக்கப்படலாம்", "தகுதியுள்ளவர்களுக்கு வாய்ப்பு உண்டு" போன்ற சொற்களுக்குப் பண மதிப்பு பூஜ்யம். தொகை, எத்தனை வருடம், என்ன நிபந்தனை, இந்த மூன்றும் எழுத்தில் இல்லாத உதவித்தொகையை உதவித்தொகை என்றே நினைக்காதீர்கள்.

அப்புறம் அந்த "குடும்பத்தோடு போகலாம்". 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் வகுப்புவழி (அதாவது, ஆய்வுப் படிப்பு அல்லாத) முதுகலைப் படிப்புகளுக்கு மாணவர் விசாவில் துணையையும் பிள்ளைகளையும் அழைத்துப்போக பிரிட்டன் அனுமதிப்பதில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஓராண்டு எம்.ஏ. அந்த வகைதான். கன்சல்டன்சிக்கு இது தெரியாது என்றால் அவர்கள் அந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை. தெரிந்தும் சொன்னார்கள் என்றால் நான் வேறு வார்த்தை தேட வேண்டியிருக்கும்.

"இடம் உறுதி" என்பதும் அப்படித்தான். எழுத்து மாதிரியை யாரும் வாசிக்காமலே இடம் உறுதி என்றால் அங்கே எழுத்தைப் பார்த்து ஆள் எடுக்கவில்லை என்று அர்த்தம். பட்டறை வகுப்பில் உங்கள் கதையைப் படித்துக் கருத்துச் சொல்லப்போவது சக மாணவர்கள். இந்தப் படிப்பின் பாதி மதிப்பு அவர்கள்தான். பணம் கட்டிய எல்லோரையும் சேர்த்த வகுப்பில் உங்கள் கதையை யார் உருப்படியாக வாசிக்கப் போகிறார்கள்?

அடுத்து எழுத்து மாதிரி. அமெரிக்காவில் புனைகதைக்கு 20 முதல் 30 பக்கம் கேட்பார்கள். பிரிட்டனில் பல இடங்களில் 5000 சொல்லுக்குள் முடிந்துவிடும். "நாங்கள் மெருகேற்றித் தருகிறோம்" என்று கன்சல்டன்சி சொல்லும். ஒரு வரியைக்கூடத் தொட விடாதீர்கள். எஸ்.ஓ.பி. எனப்படும் நோக்க அறிக்கையையும் நீங்களே எழுதுங்கள். "சிறு வயதிலிருந்தே எனக்குச் சொற்களின் மேல் தீராக் காதல்" என்று தொடங்கும் அறிக்கைகளை நான் எத்தனை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எட்டு வருட ஆய்வகத்தைப் பற்றி நான்கு வரி எழுதினாலே நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

நீங்கள் தமிழிலும் எழுதுகிறவர் என்பதால் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாதிரி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். உங்கள் தமிழ்க் கதையை நீங்களே ஆங்கிலத்தில் எழுதினால் அது உங்கள் எழுத்து, அனுப்பலாம். நண்பர் மொழிபெயர்த்ததை அனுப்பினால், தேர்வுக் குழு வாசிப்பது நண்பரின் வாக்கியங்களை. மொழிபெயர்ப்பு என்பதைச் சொல்லாமல் அனுப்பினால் அது ஏமாற்று, சொல்லி அனுப்பினாலும் பெரும்பாலும் பயனில்லை. ஆனால் உங்களுக்கு மொழிபெயர்ப்பிலேயே ஈடுபாடு உண்டென்றால் இதே கதை தலைகீழாகிவிடும். அயோவாவில் இலக்கிய மொழிபெயர்ப்புக்கென்றே தனி எம்.எஃப்.ஏ. இருக்கிறது, ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் எம்.எஃப்.ஏ.விலும் மொழிபெயர்ப்பு ஒரு பிரிவு. அங்கே நீங்கள் அனுப்ப வேண்டியது, இன்னொருவர் தமிழில் எழுதியதை நீங்கள் ஆங்கிலமாக்கிய பக்கங்களை. மற்ற இடங்களில் சுமையாகத் தோன்றும் தமிழ் இங்கே உங்கள் மூலதனம். ஆங்கிலத்தில் கதை எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் விண்ணப்பிக்கிறார்கள். தமிழிலிருந்து நேரடியாக மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இதை ஒரு வாரம் யோசித்துப் பாருங்கள்.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "அயோவா போய் வந்தவர்" என்று சில எழுத்தாளர்களைச் சொல்வார்கள். பெரும்பாலும் அது 1967இல் தொடங்கிய பன்னாட்டு எழுத்தாளர் திட்டம். ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள் சில வாரம் தங்கி எழுதிவிட்டு வருவது. அங்கே பட்டம் கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் ஏஜென்ட்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நாள் கணக்கு: அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பருக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில் முடியும். பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்பார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு தனி இணையதளம், தனிக் கடவுச்சொல், தனிக் கட்டணம். பரிந்துரைப்பவர் ஒரே கடிதத்தை எட்டு இடத்தில் ஏற்ற வேண்டும். முப்பது பக்கம் ஆங்கிலத்தில் கதை அனுப்பியவரிடம் ஆங்கிலம் தெரியுமா என்று தனியாகத் தேர்வு வேறு கேட்கிறார்கள். யார் யோசித்த ஏற்பாடோ! கட்டண விலக்குக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், சில இடங்கள் தருகின்றன. உதவித்தொகையோடு இடம் தந்துவிட்டு "நாளைக்குள் பதில் சொல்லுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால் பயப்படாதீர்கள். ஏப்ரல் 15 வரை மாணவருக்கு அவகாசம் தருவதாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள், இருந்தால் அந்தத் தேதியை நினைவூட்டுங்கள்.

வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. கடன் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எம்.எஃப்.ஏ. இருந்தால் அமெரிக்கக் கல்லூரியில் படைப்பெழுத்து கற்பிக்கத் தகுதி உண்டு. ஆனால் நிரந்தர வேலைக்கு வெளிவந்த புத்தகம் வேண்டும், அதற்கும் போட்டி. எட்டு வருட ஆய்வக வேலையை முழுதாக விட்டுவிடாமல், விடுப்பாக எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, கன்சல்டன்சி உங்கள் பெயரில் ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருக்கலாம். எந்த மின்னஞ்சல் முகவரியில் போட்டார்கள் என்று கேளுங்கள். பல ஏஜென்ட்டுகள் தாங்களே ஒரு முகவரி உருவாக்கி, ஆஃபர் லெட்டரைக்கூடத் தங்கள் கையில் வைத்துக்கொள்வார்கள். அப்படி இருந்தால் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கு நீங்களே நேராக எழுதி, உங்கள் முகவரிக்கு மாற்றச் சொல்லுங்கள். கூடவே, இந்த ஏஜென்ட் அவர்களின் அங்கீகாரம் பெற்றவரா, இந்த மாதம் முன்பணம் கட்ட வேண்டும் என்று அவர்கள்தான் சொன்னார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.