தேர்வில் எட்டு, வகுப்பில் பாதி: வெளிநாட்டில் படிப்போர் கேள்வி–பதில்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் வாசகர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கடிதங்களில், மொழியும் பழக்கவழக்கமும் தொடர்பானவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரி கேட்டிருந்தவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில் கேட்டல் பகுதிக்கு 9-க்கு 8 வாங்கியவள் நான். இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. பேராசிரியர் பேசுவதில் பாதிதான் பிடிபடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்த பிறகுதான் அவர் ஜோக் அடித்ததே தெரிகிறது. என் மார்க்கே தப்போ?
— முதுநிலை மாணவி

பதில்: மார்க் சரிதான். அது அளந்தது வேறு. அந்தத் தேர்வின் கேட்டல் பகுதி நான்கு பிரிவு, 40 கேள்வி, ஏறக்குறைய 30 நிமிடம். ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும் என்றாலும், அதற்கு முன் கேள்விகளைப் படித்துப் பார்க்க நேரம் தருகிறார்கள். எதற்காகக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. வகுப்பில் அந்தத் தாள் கையில் இல்லை. பேராசிரியர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவார். ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவுவார். பின்வரிசையில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வார். அந்தக் கேள்வியே உங்கள் காதில் விழுந்திருக்காது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பேச்சு ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைகள்தான் முழுசாக ஒலிக்கும். மற்றவை சுருங்கும், சில காணாமலே போகும். ‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ’ என்று புத்தகத்தில் ஆறு சொல்லாகப் பார்த்தது, வாயிலிருந்து வரும்போது ‘வாட்யகனடூ’ என்று ஒரே மூச்சில் வந்து போகும். எழுத்தில் படித்து வளர்ந்தவர்களுக்குச் சொல் தெரியாமல் இல்லை. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதுதான் பிடிபடுவதில்லை. அதனால் அகராதியை எவ்வளவு புரட்டினாலும் இது சரியாகாது.

உங்கள் சிக்கல் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். உங்கள் பாடத்தைப் பற்றிய மூன்று நிமிட ஒலித்துண்டு ஒன்றை, எழுத்து வடிவமும் கிடைப்பதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எதையும் பார்க்காமல் முழுசாகக் கேளுங்கள். பிறகு வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதுங்கள். மூன்றாவதாக எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன இடங்களில் கோடு போடுங்கள். கோடு போட்ட சொற்களில் பெரும்பாலானவை தாளில் பார்த்ததுமே தெரிந்தவை என்றால் பயிற்சி காதுக்கு வேண்டும். தாளிலும் புரியாதவை என்றால் சொல்வளம் போதவில்லை. கடைசியாக, கோடு போட்ட இடங்களைப் பேசியவரின் வேகத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். தன் வாயால் அப்படிச் சுருக்கிச் சொல்லிப் பழகியதைக் காது சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்ளும். ஒரு நாளைக்கு 20 நிமிடம் இதற்குப் போதும். இரண்டு மணி நேரம் வசன வரியைப் படித்துக்கொண்டு படம் பார்ப்பதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்; அதில் கண்தான் வேலை செய்கிறது.

சொல்வளம்தான் குறை என்றால், மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலிலிருந்து தொடங்கலாம். அதில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன. கல்விநூல்களில் வரும் சொற்களில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அவையே இருக்கின்றன.

துறைச்சொற்களில் ஒரு பொறி இருக்கிறது. நன்றாகத் தெரிந்த சொல்லைத் தவறான உச்சரிப்பில் மனப்பாடம் செய்திருப்போம். ‘பாராமீட்டர்’ என்று பழகிய காதுக்கு, ‘ரா’வில் அழுத்தம் விழும் ‘பராமிட்டர்’ ஏதோ புதுச்சொல்லாகக் கேட்கும். அது என்ன என்று யோசிப்பதற்குள் அடுத்த இரண்டு வாக்கியம் போய்விடும். வகுப்புக்கு முந்தின இரவு ஸ்லைடைப் பார்த்து, திரும்பத் திரும்ப வரும் பத்துப் பன்னிரண்டு சொற்களை இணைய அகராதியின் ஒலிப் பொத்தானை அழுத்திக் கேட்டுவிடுங்கள். கால் மணி நேர வேலைதான். செலவழிக்கும் நேரத்துக்கு இவ்வளவு பலன் தருவது வேறெதுவும் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: கலந்துரையாடல் வகுப்பில் பங்கேற்புக்கு மதிப்பெண் உண்டு. எனக்கு விஷயம் தெரியும். ஆனால் வாயைத் திறப்பதற்குள் வேறு யாராவது பேசத் தொடங்கிவிடுகிறார்கள். தைரியம் வர என்ன செய்வது?

பதில்: இதில் தைரியத்தைவிட நேரக்கணக்குதான் முக்கியம். ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்து பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது. சராசரி இடைவெளி ஒரு விநாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஒரே ஒரு சொல்லைத் தாய்மொழியில் தயார்செய்து வாய்க்குக் கொண்டுவரவே அதைவிட நேரம் பிடிக்கும். ஆக, மற்றவர்கள் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே தங்கள் வாக்கியத்தைக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நீங்களோ கேட்டு, புரிந்துகொண்டு, சொல் தேடி, இலக்கணம் சரிபார்த்துக்கொண்டு வருகிறீர்கள். அதற்குள் கதவு சாத்திவிடும்.

எனவே இடத்தை முதலில் பிடியுங்கள், வாக்கியத்தைப் பிறகு கட்டுங்கள். ‘கேன் ஐ ஆட் சம்திங்’ என்று சொல்லிவிட்டு இரண்டு விநாடி எடுத்துக்கொண்டால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். அந்த மாதிரி இரண்டு மூன்று தொடக்கங்களை யோசிக்காமலே வரும்படி வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள். படித்த கட்டுரையிலிருந்து ஒரு கேள்வி, ஒரு மறுப்பு இரண்டையும் எழுதி எடுத்துப்போய் முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். பேச்சு போகப்போகக் கிளை பிரிந்து, நீங்கள் தயாரித்ததற்குப் பொருந்தாத இடத்துக்குப் போய்விடும். அப்படியும் முடியாவிட்டால், “அடுத்த வகுப்பில் இந்தப் பகுதியைப் பற்றிப் பேசத் தயாராக வருகிறேன், என்னைக் கூப்பிடுங்கள்” என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால்தான் படிக்காமல் வந்ததாக நினைப்பார்கள்.

கேள்வி: புரியவில்லை என்றால் எத்தனை தடவை திரும்பக் கேட்கலாம்?

பதில்: எத்தனை தடவை என்பதைவிட எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். வெறுமனே ‘சாரி?’ என்றால் அவர் அதே வாக்கியத்தை அதே வேகத்தில், கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். “அறிக்கை இரண்டு பகுதி என்பது புரிந்தது, இரண்டாவதை எப்போது தர வேண்டும்?” என்று புரிந்ததைச் சொல்லி, விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள். புரியாமல் தலையாட்டுவது மட்டும் வேண்டாம். அதன் விலை தேதி கடந்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: நேரில் ஓரளவு சமாளிக்கிறேன். வாடகை வீடு, வங்கி விஷயமாகப் போனில் பேசினால் ஒன்றும் விளங்கவில்லை. என்னிடம்தான் குறையா?

பதில்: பாதிக் குறை தொலைபேசியிடம். முகமும் உதடும் தெரியாது என்பது ஒரு பக்கம். இன்னொன்று, பழைய முறைத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ‘எஸ்’, ‘எஃப்’ இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகளில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. தாய்மொழிக்காரர்கள் விடுபட்டதை அனுமானத்தில் நிரப்பிக்கொள்வார்கள்; உங்களுக்கு அது இன்னும் கூடிவரவில்லை. முடிந்த இடத்தில் இணையவழி அழைப்பைக் கேளுங்கள், ஒலி இன்னும் அகலமாக வரும்.

பேசுவதற்கு முன் பெயர், முகவரி, கணக்கு எண், கேட்க வேண்டிய மூன்று விஷயம் ஆகியவற்றைத் தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது விமானிகள் பயன்படுத்தும் ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ முறை கைகொடுக்கும். நம் பெயர்களின் நீளத்துக்கு அது அவசியம் என்றே சொல்லலாம். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ குழப்பம் வந்தால் “ஒன்று, ஐந்தா?” என்று இலக்கமாகப் பிரித்துக் கேளுங்கள். முடிந்ததும், பேசியதை நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்பி உறுதி கேளுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த மின்னஞ்சல்தான் உங்களுக்குச் சாட்சி.

கேள்வி: என் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் அந்த நாட்டு மொழி வேறு. போவதற்கு இரண்டு மாதம் இருக்கிறது. எதைக் கற்றுக்கொண்டு போவது?

பதில்: எண்கள். வாழ்த்துச் சொற்களை எல்லாரும் கற்றுக்கொண்டு போகிறார்கள், எண்ணில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஜெர்மன், டச்சு, அரபு மொழிகளில் 24 என்பதை ‘நான்கும் இருபதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். சொல்லச் சொல்ல எழுதினால் 42 ஆகிவிடும். பிரான்ஸில் 97 என்பது ‘நான்கு இருபது, பத்து, ஏழு’. ரயில் மேடை, அறை எண், தொலைபேசி எண், மருந்தின் அளவு எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது. யாரையாவது தாறுமாறாக எண்களைச் சொல்லச் சொல்லி, கேட்டு எழுதிப் பழகுங்கள். அடுத்து நேரம், கிழமை, மாதம். அதன்பின் படிவங்களில் வரும் சொற்கள்: பிறந்த தேதி, குடும்பப் பெயர், கையொப்பம், காலக்கெடு. ஐரோப்பிய மொழிகளில் மொழித்திறனுக்கு, தொடக்கநிலையான ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் உண்டு. இரண்டு மாதத்தில் ஏ1 முடித்துவிட்டுப் போனாலே நல்லது. மிச்சத்தை அங்கே போய்ப் படியுங்கள். பல்கலைக்கழகமே மாணவர்களுக்கு மொழி வகுப்பு நடத்துகிறதா என்று சேர்க்கைக் கடிதம் வந்தவுடன் கேளுங்கள்.

கேள்வி: மகன் போய் இரண்டு மாதம். முதலில் தினமும் போட்டோ அனுப்பினான். இப்போது கூப்பிட்டால் ஒரு வார்த்தைப் பதில், எரிச்சல், பகலெல்லாம் தூக்கம். படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்லட்டுமா?
— ஒரு தாய்

பதில்: அம்மா, உடனே அப்படிச் சொல்ல வேண்டாம். ‘கல்சர் ஷாக்’ என்ற சொல்லைப் பரவலாக்கிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையிலேயே இதன் அறிகுறிகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். அடிக்கடி கை கழுவுவது, குடிநீர், பாத்திரம், படுக்கையைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுவது, வெறித்த பார்வை, சின்னத் தாமதத்துக்கும் வெடிக்கும் கோபம், வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற ஏக்கம். முதலில் வியப்பு, பிறகு சரிவு, பிறகு மெல்லத் தேறுதல் என்பது அவர் சொன்ன வரிசை. எல்லாருக்கும் அந்த வரிசைதான் என்றில்லை. நியூசிலாந்துக்குப் போன ஜப்பானிய மாணவர்களிடம் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், வந்திறங்கிய நாட்களே மிகக் கடினமாக இருந்தன. எனவே “மூன்றாம் மாதம் தானாகச் சரியாகிவிடும்” என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம்.

நாள் முழுக்க வேற்றுமொழியைக் கேட்டுக் கேட்டு மாலையில் மூளை களைத்துப்போகும். அந்த நேரத்தில் நீங்கள் கூப்பிட்டால் ஒரு வார்த்தைதான் வரும். வாரத்தில் இரண்டு அழைப்பை, அவனுக்கு வகுப்பில்லாத காலை வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். “சாப்பிட்டாயா, சந்தோஷமா” என்பதற்குப் பதில், “ஆய்வகத்தில் பக்கத்து மேசையில் யார், என்ன வேலை கொடுத்தார்கள்” என்று கேளுங்கள். சந்தோஷமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லித் தீர வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது.

ஆனால் சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்தால், வகுப்புக்கே போகாவிட்டால், சாப்பாடும் தூக்கமும் அடியோடு மாறியிருந்தால், அதைப் பழக்கத் தடுமாற்றம் என்று விட்டுவிடக்கூடாது. பல்கலைக்கழக மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ அவன் பார்க்க வேண்டும். உயிரை விடுவதைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் அந்த நாட்டு அவசர எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் நண்பர் ஒருவரை உடனே அவன் அறைக்கு அனுப்புங்கள். இதற்காகவே அறைத்தோழரின் எண் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: கட்டுரையில் எல்லா மூலத்தையும் குறிப்பிட்டிருந்தேன். ஆனாலும் கருத்துத் திருட்டு என்று விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பதில்: மூலத்தைக் குறிப்பிடுவது பாதி வேலைதான். அடுத்தவர் வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு நாலைந்து சொல்லை மட்டும் மாற்றினால், மேற்கோள்குறி இல்லாதவரை அதையும் பல இடங்களில் திருட்டாகவே பார்க்கிறார்கள். அந்நிய மொழியில் எழுதுகிறவர்கள் இலக்கணப் பிழைக்குப் பயந்து இதைச் செய்துவிடுகிறார்கள். பத்தியைப் படித்து, மூடி வைத்துவிட்டு, சாரத்தைத் தமிழிலேயே இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள். அரைமணி கழித்து, மூலத்தைப் பார்க்காமல், அந்தக் குறிப்பிலிருந்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். கடைசியில்தான் மூலத்தோடு சரிபார்க்க வேண்டும்.

விசாரணைக்கு உங்கள் வரைவுகள், கோப்பின் திருத்த வரலாறு, கையெழுத்துக் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கட்டுரையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிடும் டர்னிட்டின் போன்ற மென்பொருள் காட்டும் சதவீதம் ஒத்துப்போகும் வரிகளின் அளவுதான், தீர்ப்பல்ல. வடிகட்டாமல் விட்டால் நூற்பட்டியலும் மேற்கோள்களும்கூட அந்தக் கணக்கில் சேரும். எந்தப் பத்தியைக் குறித்துச் சந்தேகம் என்று கேட்டு, அந்தப் பத்திக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மாணவர் சங்கத்தில் இதற்கென ஆலோசகர் இருந்தால் உடன் வர முடியுமா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: தமிழ் நண்பர்களோடே இருந்தால் மொழி வராது என்கிறார்கள். பிரிந்து போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். உடம்புக்கு முடியாத நாளில் கஞ்சி வைத்துத் தருகிறவர்களை விட்டுப் போகச் சொல்வது அபத்தம். அதோடு, அந்த ஊர்க்காரர்களே இருக்கும் ஏதாவது ஒன்றில் வாரம் ஒருமுறை, அதே நாள், அதே ஆட்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். விளையாட்டுக் குழுவோ ஆய்வகத்தின் மதிய உணவு மேசையோ, எதுவானாலும் சரி. ஒருவர் உச்சரிப்புக்குக் காது சீக்கிரமே பழகிவிடும். வாராவாரம் புது முகங்களானால் பழக வாய்ப்பில்லாமல் போய்விடும். இரைச்சலில் வேற்றுமொழி கேட்பது இன்னும் சிரமம் என்பதால், உணவகத்தில் சுவரோரமாக, எல்லார் முகமும் தெரியும் இடத்தில் உட்காருங்கள். காபி இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை மட்டும் வேண்டாம்.