14 மாட்டில் 7 வற்றிக் கிடக்கும்போது இன்னும் 6 வாங்கலாமா?

கேள்வி: உசிலம்பட்டியை அடுத்த செல்லம்பட்டி வட்டாரத்தில் நானும் என் மனைவியும் 14 கலப்பினப் பசுக்களை வைத்துப் பண்ணை நடத்துகிறோம். இப்போது 7 மாடுகள் கறவையில் உள்ளன. நாளொன்றுக்குச் சுமார் 60 லிட்டர் பாலைச் சங்கத்தில் ஊற்றுகிறோம். அரை ஏக்கரில் கோ-4 புல் இருக்கிறது. மற்றபடி வைக்கோலும், எல்லா மாடுகளுக்கும் வேளைக்கு 2 கிலோ கலப்புத் தீவனமும் வைக்கிறோம். வற்றிய மாட்டுக்கே நாளைக்கு 150 ரூபாய் ஆகிறது. பாலிடெக்னிக் முடித்த மகன் எங்களுடன் தொழிலைப் பார்க்க விரும்புகிறான். வங்கிக் கடனில் இன்னும் 6 மாடுகளும் ஒரு கறவை இயந்திரமும் வாங்கினால் மூவருக்கும் கட்டுப்படியாகுமா?

பதில்: படித்த பிள்ளை தொழுவத்துக்கு வருகிறேன் என்று சொல்வது இன்று அரிது. அவர் வந்த பிறகு சலித்துப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை நேராகச் சொல்கிறேன்: இப்போது மாடு வாங்காதீர்கள். நீங்கள் வாங்க நினைக்கும் 6 மாடுகளில் 5 ஏற்கெனவே உங்கள் தொழுவத்தில் பால் இல்லாமல் நிற்கின்றன.

கணக்கு இதுதான். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். கன்று ஈன்ற 115 நாளுக்குள் மறுபடி சினை பிடித்துவிட்டால், ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே 395 நாள், அதாவது 13 மாதம் ஆகிறது. அதில் ஈற்றுக்கு முந்தைய 60 நாளை வற்றுக்காலமாக விட்டாலும் மீதி 335 நாளும் மாடு கறவையில் இருக்கும். இந்த ஒழுங்கில் ஓடும் 14 மாட்டுப் பண்ணையில் எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் 2 மாடுகளே வற்றியிருக்க வேண்டும். உங்களிடம் 7 வற்றியிருக்கின்றன என்றால் ஈற்று இடைவெளி ஒன்றரை ஆண்டை எட்டிவிட்டது என்று பொருள். கூடுதலாக நிற்கும் 5 மாடுகளுக்கு, நீங்கள் எழுதிய 150 ரூபாய் வீதம், நாளொன்றுக்கு 750 ரூபாயும் மாதத்துக்கு 22,500 ரூபாயும் போகின்றன. பால் விலை ஏறினால் நிலைமை சரியாகிவிடும் என்று நம்மில் பலரும் காத்திருக்கிறோம். 2022 நவம்பரில் பசும்பாலின் கொள்முதல் விலை 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயானபோது, 60 லிட்டர் ஊற்றுபவருக்கு நாளைக்கு 180 ரூபாய்தான் கூடியது. அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் உங்கள் கையிலிருந்து நாள்தோறும் நழுவிக்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்க அரசாணை எதுவும் தேவையில்லை.

ஆகவே முதல் வேலையாக, கால்நடை மருத்துவரை அழைத்து அந்த 7 மாடுகளையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். சினை உறுதியானவை, சினையில்லாமல் கருப்பை நலமாக உள்ளவை, நோயோ குறையோ உள்ளவை என்று அவை பிரிந்துவிடும். மூன்றாம் வகையில் மருத்துவர் நம்பிக்கை தராத மாடு இருந்தால், அது எவ்வளவு செல்லமாக வளர்ந்ததாக இருந்தாலும் பண்ணைக் கணக்கில் அதற்கு இடமில்லை. மனத்துக்கு இது கடினம் என்பதை அறிவேன், ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, உங்கள் மகனுக்கான வேலை. சினைப்பருவம் 21 நாளுக்கு ஒரு முறை வந்து 12 முதல் 18 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஒன்றைத் தவறவிட்டால் 21 நாளும், உங்கள் கணக்கில் 3,150 ரூபாயும் போயின. மதுரைப் பக்கத்து வெயிலில் மாடுகள் பகலில் அறிகுறி காட்டுவது குறைவு. இரவிலும் விடியலிலுமே அது தெரியும் என்பதால், அதிகாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் டார்ச் விளக்குடன் ஒவ்வொரு மாட்டின் பின்புறத்தையும் நின்று பார்க்க வேண்டும். முட்டையின் வெள்ளைக்கரு போன்று கண்ணாடியாக நூலிழுக்கும் வழும்பு, பிறப்புறுப்பில் தொங்கியோ, வாலின் மயிரில் ஒட்டிக் காய்ந்தோ, மாடு படுத்த தரையில் பளபளத்தோ இருக்கும். அன்று பாலும் சற்றுக் குறையும். கட்டிய இடத்திலேயே நிற்கும் மாடு கத்தாமலும் இருந்துவிடலாம். காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் அவிழ்த்துவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று தாவுவதைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். காலையில் தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட வேண்டும். வழும்பில் இரத்தம் கலந்து வருவதைப் பார்த்து ஊசிக்கு ஓடுபவர்கள் நம் ஊர்களில் இன்னமும் இருக்கிறார்கள். அந்த இரத்தம் பருவம் ஓரிரு நாளுக்கு முன்பே முடிந்துவிட்டதைக் காட்டுகிறது. அன்றைய தேதியைக் குறித்துவைத்து, 17, 18 நாள் கழித்துக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஊசி போட்ட 60 நாளுக்கு மேல் சினைப் பரிசோதனை செய்வதைக் கட்டாயமாக்குங்கள். 'பருவத்துக்கு வரவில்லை, ஆகவே சினைதான்' என்று விட்டுவிட்ட மாடுகளே பெரும்பாலும் வற்றிய வரிசையில் வந்து நிற்கின்றன.

கவனிப்பு சரியாக இருந்தும் மாடு பருவத்துக்கு வராவிட்டால் தீவனத்தைத்தான் பார்க்க வேண்டும். எல்லா மாட்டுக்கும் வேளைக்கு 2 கிலோ என்ற உங்கள் அளவு, கறக்கும் மாட்டைப் பட்டினி போட்டு வற்றிய மாட்டைக் கொழுக்க வைக்கிறது. உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோவும், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோவும் என்பது பொதுவான அளவு. அப்படியானால் 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு நாளைக்கு ஐந்தரை கிலோ தேவை. நீங்கள் கொடுப்பது 4. குறைகிற சத்தை அது தன் உடம்பிலிருந்து எடுத்துப் பாலாக்கும். உடல் இளைத்த மாடு சினை பிடிக்காது. பாலில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) குறைவதற்கும் பல நேரங்களில் இதுவே காரணம். கடைசி இரண்டு மாதச் சினையில் இருக்கும் மாட்டுக்கு மட்டும் வற்றுக்காலத்திலும் தீவனத்தைக் கூட்ட வேண்டும். தாது உப்புக் கலவையை நாளைக்கு 30 முதல் 50 கிராம் வரை தவறாமல் சேருங்கள். முகூர்த்த நாட்களில் மண்டபத்தில் மிஞ்சும் சோற்றை வாளி வாளியாக வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்; வயிற்றில் அமிலம் மிகுந்து, நல்ல கறவை மாடே ஓர் இரவில் சாய்ந்துவிடும்.

பசுந்தீவனத்தில் உங்களுக்கு இருப்பது பாதியளவுகூட இல்லை. மாட்டுக்கு 25 கிலோ வீதம் 14 மாடுகளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 128 டன் புல் வேண்டும். கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல், தண்ணீரும் எருவும் குறையாத நிலத்தில் ஏக்கருக்கு 140 டன் அளவில் விளையக்கூடியதுதான். ஆனால் உங்கள் பகுதியில் கிணற்றை மட்டும் நம்பி அதை எதிர்பார்க்க முடியாது. ஒன்றரை ஏக்கருக்காவது திட்டமிடுங்கள். கிணறு தாங்காத பகுதியில், ஐப்பசி மழையை ஒட்டிக் கோ.எப்.எஸ்.-29 தீவனச் சோளத்தை விதைத்து 65 நாளில் முதல் அறுவடையும், பிறகு 50 நாளுக்கு ஒரு முறையும் எடுக்கலாம். இளஞ்சோளமும் வாடிய சோளமும் நஞ்சாகும் என்பதால் பூக்கும் முன் அறுக்காதீர்கள். வேலியோரத்தில் அகத்தியும் வேலிமசாலும் இருந்தால் புரதத்துக்கான செலவு கணிசமாகக் குறையும். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் புல் கரணை, விதை பற்றிக் கேட்டறியலாம்.

கறவை இயந்திரம் 7 மாட்டுக்குத் தேவையில்லை. கட்டைவிரலை மடக்கிக் கறக்கும் பழக்கத்தை விட்டு முழுக்கையால் கறப்பதும், கறந்தவுடன் காம்புகளைக் கிருமிநாசினியில் நனைப்பதும் மடிநோயை இயந்திரத்தை விட நன்றாகத் தடுக்கும்.

வங்கிக்குப் போவதென்றால் தீவனச் செலவுக்காகக் கால்நடை வளர்ப்போருக்கான கிசான் கடன் அட்டையை மட்டும் கேளுங்கள். வீட்டுச் செலவையும் பண்ணைச் செலவையும் தனித்தனி நோட்டில் எழுதி, மகனுக்கு மாதச் சம்பளம் என்று ஒரு தொகையைப் பண்ணைக் கணக்கிலிருந்து கொடுங்கள். உங்கள் மனைவியின் உழைப்புக்கும் அதே நோட்டில் ஒரு வரி இருக்கட்டும். சம்பளமில்லாத உழைப்பை லாபம் என்று எண்ணித்தான் பல குடும்பங்கள் கடனில் இறங்குகின்றன.

11 மாடுகளாவது கறவைக்கு வந்து, அடுத்த ஆறு மாதத்துக்கான தீவனமும் கையில் இருக்கும் நிலையில் மாடு வாங்குவதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். தமிழகச் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பினத்தையே மாநில இனப்பெருக்கக் கொள்கை பரிந்துரைக்கிறது. ஹோல்ஸ்டீன் கலப்பு மிகுந்த மாடு சந்தையில் 20 லிட்டர் கறந்து காட்டினாலும் சித்திரை வெயிலில் மூச்சிரைத்து நிற்கும். இரண்டாம் ஈற்று மாடாக, அடுத்தடுத்து மூன்று வேளை கறவையை நேரில் பார்த்து, கார்த்திகை, மார்கழியில் வாங்குங்கள். வந்த மாட்டை மூன்று வாரமாவது மற்ற மாடுகளுடன் சேர்க்காமல் தனியாகக் கட்டி, கோமாரித் தடுப்பூசி போட்ட விவரத்தை அதன் காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையின் 12 இலக்க எண்ணைக் கொண்டு கால்நடை மருந்தகத்தில் சரிபார்த்த பிறகே தொழுவத்தில் விடுங்கள்.