செருப்புப் பூவுக்கு ஏர்வாடியில் என்ன வேலை?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். மஞ்சள் பூ, நடுவில் குழந்தைச் செருப்பு மாதிரி ஒரு பை. மலையிலிருந்து பிடுங்கி வந்து தருகிறார்களாம், விலையும் பேசிவிட்டான். எங்கள் தென்னை நிழலில் வளருமா?
- ஏர்வாடி வாசகி

பதில்: வளராது. வளர்ந்தாலும் வாங்காதீர்கள் அக்கா. நீங்கள் சொல்வது லேடிஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட். மஞ்சள் இதழில் நடுவே பழுப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது 1865-இல் கர்னல் ட்ரூரி அகத்தியமலைப் பக்கம் கண்ட இனம், பேரும் அவர் பேர்தான், பாஃபியோபெடிலம் ட்ரூரி. தென்னிந்தியக் காட்டில் இந்த வகையில் இது ஒன்றுதான் உண்டு, இந்தியாவில் இதன் உறவு இனங்கள் எல்லாம் வடகிழக்கில். கடல் மட்டத்துக்கு சுமார் 1,400 மீட்டர் மேலே, மஞ்சு மூடிய சரிவில் பாறை இடுக்கில் வளர்வதைக் கொண்டுவந்து உங்கள் கடற்கரை உப்புக் காற்றில் வைத்தால் என்ன ஆகும்?

அந்தப் பை சும்மா அழகுக்கு இல்லை. உள்ளே விழுந்த பூச்சி வந்த வழியே ஏற முடியாமல் வழுக்கும், பின்பக்கம் ஒரு சந்து இருக்கிறது, அதில் நெருக்கியடித்து வெளியேறும்போது மகரந்தம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கூடு வைத்து மீன் பிடிப்பவர்களுக்கு இது உடனே புரியும், என்ன, இந்தக் கூட்டில் வெளியே போகவும் வழி வைத்திருக்கிறது. பூச்சிக்குத் தேன் ஒரு சொட்டுக்கூட கிடைக்காது, சுத்த ஏமாற்று! இத்தனை பாடுபட்டு உண்டாகும் விதையோ வெறும் தூசி, உள்ளே சேமித்த சத்து கிடையாது, மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். இவ்வளவு மெதுவாகப் பெருகுகிற செடியை மூட்டை மூட்டையாகப் பிடுங்கினால்? அற்றுப்போகும் நிலைக்குப் போனது அப்படித்தான்.

கேள்வி: பிடுங்கியது யாரோ. காசு கொடுத்து வாங்குகிற என் மேல் என்ன தப்பு?

பதில்: கடல் அட்டைக் கதை உங்களுக்குத் தெரியாததா? 2001-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்த்த பிறகு பிடித்தவர், வைத்திருந்தவர், விற்றவர் எல்லார் மேலும் வழக்கு வருகிறதல்லவா, அதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் இந்தச் செடிக்கும். காட்டில் பிடுங்கியதை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

கேள்வி: அப்போ ஆர்க்கிட் ஆசையே கூடாதா?

பதில்: ஏன் கூடாது? கேரளாவில் பாலோடு என்ற ஊரில் இருக்கும் தாவரவியல் தோட்டத்தில் இதே இனத்தைச் சோதனைக்கூடத்தில் வளர்த்து மலையில் திரும்ப நட்டிருக்கிறார்கள், அந்த வேலையை அவர்கள் பார்க்கட்டும். உங்களுக்கு டென்ட்ரோபியம் என்கிற ஆர்க்கிட் வகை போதும், வெயில் தாங்கும். நர்சரியில் வளர்த்த செடியாக, பில்லோடு வாங்குங்கள். மண் வேண்டாம், கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு, வலை நிழலில் தொங்கவிடுங்கள். நம்மூர் போர் தண்ணீரின் உப்பு அந்த வேருக்கு ஆகாது, மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். தம்பி முன்பணம் கொடுத்திருந்தால், சரி, போனது போகட்டும்.