பத்துப் பேர், முதல் கப்பல் பயணம்: அறைகளை எப்படிப் பிடிப்பது?

தாத்தா, பாட்டி, நால்வர் நால்வராக இரண்டு குடும்பம், சிங்கப்பூரிலிருந்து கப்பல் என்கிறீர்கள். முதலில் கட்டணக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் வரும் விலை, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைவு. துறைமுக வரியும் பணியாளர் டிப்ஸும் பெரும்பாலும் தனி.

நால்வர் அறையில் பெரும்பாலும் இரண்டு படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும். குளியலறை ஒன்றுதான், அதுவும் சின்னது. காலையில் வரிசை கட்டி நிற்க வேண்டும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டால், நடுவில் கதவுள்ள இரண்டு அறைகளே என் தேர்வு. பக்கத்துப் பக்கத்து அறை என்றாலே உள்கதவு இருக்கும் என்று நினைக்காதீர்கள், கேட்டு உறுதிசெய்யுங்கள். நால்வர் அறை, உள்கதவுள்ள அறைகள் இரண்டுமே கப்பலில் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் அவற்றை முதலில் பிடியுங்கள். அறை எண்ணைக் கப்பல்காரர்களே ஒதுக்கும் மலிவுச் சலுகை உங்களுக்கு வேண்டாம், ஆளுக்கொரு தளத்தில் போய் விழுவீர்கள்.

பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்ட் அருகே எடுங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

அப்புறம், எல்லாப் பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். அப்போது இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே மேசை கேட்பது எளிது. கப்பல் மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய்த் திரும்பினால் சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைகிறீர்கள். பலமுறை நுழைவு விசாதானா என்று பத்துப் பேருக்கும் பாருங்கள்.